சிங்கப்பூர், ஹாங்காங் காகித இறக்குமதி: எந்த எண்ணை நம்புவது?

நெய்தல்:
முதுகலை ஆய்வுக் கட்டுரைக்காகச் சிங்கப்பூர், ஹாங்காங் இரண்டின் காகிதம், அட்டை இறக்குமதியை ஒப்பிடுகிறேன். ஐ.நா.வின் காம்ட்ரேட் என்ற வணிகத் தரவுத்தளத்தில், எச்.எஸ். என்ற சுங்கச் சரக்கு வகைப்பாட்டின் 48ஆம் அத்தியாயத்தை (காகிதம், அட்டை) எடுத்து, மக்கள்தொகையால் வகுத்து, 'தலைக்கு இவ்வளவு காகிதப் பயன்பாடு' என்று அட்டவணை போட்டேன். வழிகாட்டி "இது பயன்பாடு அல்ல" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு, சிங்கப்பூர் ஹாங்காங்குக்கு அனுப்பியதாகச் சொல்லும் தொகையும், ஹாங்காங் சிங்கப்பூரிலிருந்து வாங்கியதாகச் சொல்லும் தொகையும் பொருந்தவில்லை. என்ன செய்வது?

சுங்கச்சாவடி:
வழிகாட்டிகள் ஒரே வரியில்தான் எழுதுவார்கள். ஆனால் வரி சரி. இரண்டும் வாங்கி விற்றே வளர்ந்த துறைமுகங்கள். வந்திறங்கும் கிராஃப்ட் காகிதச் (பொதி கட்டும் உறுதியான காகிதம்) சுருள்களில் ஒரு பகுதி பிரிக்கப்படாமலேயே மறுபடியும் கப்பலேறுகிறது. இறக்குமதிக் கணக்கிலோ முழுவதும் இருக்கும். மறு ஏற்றுமதியையும் தனியே எடுங்கள். இரண்டு அரசுகளும் அதைப் பிரித்துத் தருகின்றன.

அதை அப்படியே கழித்துவிடவும் கூடாது. மறு ஏற்றுமதி விலையில் வணிகரின் லாபமும் சேர்ந்திருப்பதால், உள்ளூரில் தங்கிய காகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சில உருப்படிகளில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்! ஹாங்காங் புள்ளியியல் துறை அந்த லாபத்தை மதிப்பிட்டு நீக்கிய பிறகே தங்கிய இறக்குமதியைக் கணக்கிடுகிறது.

தொகை பொருந்தாததற்கு ஒரு காரணம், இறக்குமதியில் காப்பீடும் கப்பல் கூலியும் சேரும், ஏற்றுமதியில் சேராது. காகிதம் கனமான, விலை குறைந்த சரக்கு என்பதால் கூலி உறைக்கும். பெரிய காரணம் பிறப்பிடம். பின்லாந்துக் காகிதம் சிங்கப்பூர்க் கிடங்கு வழியாகப் போனால், சிங்கப்பூர் அதை ஹாங்காங்குக்குச் செய்த ஏற்றுமதி என்று எழுதும். ஹாங்காங் பின்லாந்தின் பெயரில் வரவு வைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை.

அச்சுமை:
டாலரை விட்டுவிட்டு எடையில் கணக்குப் போடுங்கள். லாபச் சிக்கல் பெரும்பாலும் தீரும். எடை மதிப்பிடப்பட்டதா, அறிவிக்கப்பட்டதா என்ற குறியீட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்.எஸ். குறியீட்டில் நான்கு இலக்கத்துக்கும் இறங்குங்கள்: 4801 செய்தித்தாள் காகிதம், 4810 பூச்சுக் காகிதம், 4819 அட்டைப் பெட்டி. மொத்தத் தொகையில் இவை ஒன்றையொன்று மறைத்துவிடும்.

அப்போதும் பயன்பாடு கிடைக்காது. இரண்டு ஊர்களிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் அச்சிடுகிறார்கள். 4810இல் நுழைந்த தாள் அச்சுப் பொருள்களுக்கான 49ஆம் அத்தியாயத்தில் புத்தகமாக வெளியேறும். காகித மறு ஏற்றுமதியில் அது தெரியாது. மாறாக, தொலைக்காட்சியைச் சுற்றி வரும் அட்டைப் பெட்டி தொலைக்காட்சியோடு சேர்த்தே வகைப்படும், 48இல் வராது. 'பயன்பாடு' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து.

நெய்தல்:
'தங்கிய இறக்குமதி' என்று மாற்றிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்துக்கு எஸ்.ஐ.டி.சி. என்ற ஐ.நா.வின் பழைய வணிக வகைப்பாட்டில் காகிதத்துக்கான 64ஆம் பிரிவுதான் கிடைக்கிறது. அதை 48உடன் ஒட்டலாமா?

சுங்கச்சாவடி:
ஒட்டலாம், ஆனால் இரண்டும் முழுக்க ஒன்றல்ல. காகித லேபிள்கள் எச்.எஸ்.ஸில் 4821, எஸ்.ஐ.டி.சி.யில் அவை 892இல், அச்சுப் பொருள்களோடு இருக்கின்றன. 4821ஐக் கழித்துவிட்டு, இரண்டு வகைப்பாடும் கிடைக்கும் ஓர் ஆண்டில் முதலில் பொருத்திப் பாருங்கள்.