ஜப்பான்ல நிக்கோ போறோம், இரோஹாசாகா ட்ராஃபிக்ல மாட்டாம இருக்க வழி இருக்கா?

மக்களே, அக்டோபர் கடைசி சனி ஞாயிறு அம்மாவ கூட்டிட்டு நிக்கோ போறோம், டோக்கியோ அசாகுசால இருந்து ரயில், நிக்கோ ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ராத்திரி ஸ்டே. சிக்கல் இரோஹாசாகா மலை ரோடு தான். சூசென்ஜி ஏரிக்கு சாதாரண நாள்ல பஸ் முக்கால் மணி நேரம், இலை சிவக்குற சீசன்ல மணிக்கணக்கா நிக்குதாம், ஏறுறதுக்கே 20 வளைவு, அம்மாவுக்கு வளைவு ரோடுன்னாலே குமட்டும். ஏரி பக்கம் ரூம் தேடுனேன், எல்லாம் ஃபுல். வார நாளுக்கு மாத்தலாம்னா லீவு கிடைக்கல. டாக்ஸியும் அதே ரோடு தான். தோஷோகு கோயில்ல அந்தக் கால ஜப்பான் ஆட்சியாளர் இயாசு சமாதிக்கு 207 படி, முட்டி வலியால அத விட்டாச்சு. ஆனா ஏரி பக்கத்துல இருக்குற 97 மீட்டர் கேகோன் அருவிய லிஃப்ட்ல கீழ இறங்கி சாரல் படுற தூரத்துல நின்னு பாக்கணும்னு அம்மாவுக்கு அவ்ளோ ஆசை, அத விட மனசே வரல. ஞாயிறு காலைல முதல் பஸ்ல ஏறி மதியத்துக்குள்ள இறங்கிட்டா ட்ராஃபிக்ல சிக்காம வந்துரலாமா, அந்த சீசன்ல போனவங்க சொல்லுங்க?