எதனோல் தாங்கியும் உள்ளே வரும் காற்றும்

அம்பாறைப் பக்கம் ஓரிடத்தில் 50 கன மீற்றர் எதனோல் தாங்கிக்குப் புதிய வென்ட், அதாவது ஆவியும் காற்றும் போய்வரும் குழாய், போட வேண்டியிருந்தது. எந்த அளவில் போடுவது என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. திறந்த தட்டில் கிடக்கும் திரவம் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்ற சூத்திரத்தை எடுத்து, மேற்பரப்பு, காற்றின் வேகம், ஆவியமுக்கம் (திரவத்தின் ஆவி கொடுக்கும் அமுக்கம்) எல்லாவற்றையும் போட்டேன். ஆவியமுக்கத்தை அட்டவணையில் இருந்தபடி 20 பாகைக்கே எடுத்தேன். 6 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு.

கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அம்பாறையில் 20 பாகை எங்கே இருக்கிறது? 40 பாகையில் அதே எதனோலுக்கு 18 கிலோபாஸ்கல் அளவில் வரும். மூன்று மடங்கு. அதைவிடப் பெரிய பிழை, மூடிய தாங்கிக்குள் காற்று வீசுவதே இல்லை. திரவத்துக்கு மேலுள்ள இடம் ஆவியால் நிரம்பியதும் மேற்கொண்டு ஆவியாவது ஏறக்குறைய நின்றுவிடும். பவுசரிலிருந்து இறக்கும்போதும் வெயில் ஏறும்போதும்தான் ஆவி வெளியே தள்ளப்படும். இதனால்தான் தாங்கி வென்டுகளுக்கான அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரநிலையான ஏ.பி.ஐ. 2000 சுருக்கமான வழி சொல்கிறது: ஆவியமுக்கம் 5 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றால் நிரப்பும் வேகத்தை இரண்டால் பெருக்கு. எங்களுக்கு மணிக்கு 30 கன மீற்றர், ஆகவே 60. வெயிலுக்கு இன்னும் 11. மொத்தம் 71 என்று எழுதிக்கொண்டு போனேன்.

அங்கே படுவான்கரையைச் சேர்ந்த வெல்டிங் பாஸ் ஒருவர் இருந்தார். அறுபது வயதிருக்கும். என் தாளை வாங்கிப் பார்க்காமல் பக்கத்திலிருந்த சிறிய தாங்கியின் கூரையைக் காட்டினார். நடுவில் குழி விழுந்து கிடந்தது.

"வெளிய போறதத்தான் பாத்திருக்காய். உள்ளுக்க வாற காத்தப் பாத்தியா மனே? கொதிச்சுக் கிடக்கிற தகரத்தில மழை கொட்டினா தாங்கி மூச்சு இழுக்கும்."

அன்றிரவே திரும்பக் கணக்குப் போட்டேன். அதே ஏ.பி.ஐ. 2000 இன்படி, வெப்பக் காப்புறை இல்லாத தாங்கி, 42 பாகை அகலாங்குக்குக் கீழே, திரவம் 25 பாகைக்கு மேல் என்றால் கொள்ளளவின் 0.7 அடுக்கை 6.5 ஆல் பெருக்க வேண்டும். வந்தது மணிக்கு 100 கன மீற்றர். மழை நேரத்தில் பம்ப்பால் எதனோலை வெளியே எடுத்தால் இன்னொரு 30. ஆக 130. நான் கொண்டுபோன 71 இல் வென்ட் செய்திருந்தால் அந்தத் தாங்கியும் ஒருநாள் நசுங்கியிருக்கும். நினைக்க இன்னும் நெஞ்சு பதறுகிறது.

அடுத்த நாள் அந்தச் சிறிய தாங்கியின் வென்டைக் கழற்றினோம். வலை முழுவதும் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது. அளவு சரியாக இருந்தும் பயனில்லாமல் போயிருக்கிறது.

கல்முனையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணன், நான் பெற்றோல் செட்டில் வேலை. எங்கள் தாங்கி நிலத்துக்குக் கீழே, வெயிலும் மழையும் அவ்வளவாகப் படாது. ஆனால் ஒருமுறை பவுசர் இறக்கும்போது வென்ட் குழாயால் போக வேண்டிய ஆவி, கோல் விட்டு அளவு பார்க்கும் டிப் மூடி வழியாகச் சீறியது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு பரவும். உடனே இறக்குவதை நிறுத்தினோம். வென்டுக்குள் பார்த்தால் அங்கேயும் குளவிக்கூடு. அந்த வலையைக் கழற்றி எறிந்துவிடலாமா?

எழுதியவர்: வேண்டாம் தம்பி. தீ உள்ளே போகாமல் தடுக்கும் அமைப்பு என்றால் அதைக் கழற்றி எறியவே கூடாது. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், கச்சான் முடிந்து முதல் மழைக்கு முன் கட்டாயம் பாருங்கள்.