அரைமூட்டா, பந்துமாற்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இடுப்பு மூட்டின் ஒரு பாதியை மட்டும் மாற்றும் அறுவைக்கு ஆங்கிலத்தில் ஹெமிஆர்த்ரோபிளாஸ்டி என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் 'அரைமூட்டு மாற்று' என்று முடிவு செய்யுமுன் கொஞ்சம் பொறுங்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் எந்தப் பாதி என்று கேட்பவருக்குத் தெரியாது.

போன ஐப்பசி மழையில், திருவையாற்றில் என் அத்தை கொல்லைக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வயது 82. வலக்கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. 'பாதி மூட்டை மாத்தணும்' என்று டாக்டர் சொன்னதும் அத்தான், "மீதியை எப்ப மாத்துவீங்க?" என்றார். காசு குறைவு என்பதால் அரைகுறையாகச் செய்கிறார்களோ என்று வீட்டில் பேச்சு. அந்தக் குழப்பத்தில் ஒரு முழு நாள் போனது. இந்த இடுப்பு முறிவுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை செய்வதே நல்லது. படுக்கையில் நாள் போகப் போக நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும்.

கடைசியில் டாக்டர் ஒரு சீட்டின் பின்புறம் பந்தும் கிண்ணமும் வரைந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அறுந்துவிடும். இந்த வயதில் சேர்த்து வைத்தாலும் கூடாமல் போகலாம், பந்தே செத்தும் போகலாம். அதனால் பந்தை மட்டும் எடுத்து உலோகப் பந்து வைக்கிறார்கள், கிண்ணம் அவருடையதேதான். அத்தானுக்கு உடனே புரிந்துவிட்டது.

பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியிலேயே படிக்கிறோம். எனவே இதற்குப் 'பந்துமாற்று', இரண்டையும் மாற்றினால் 'பந்துக்கிண்ண மாற்று' என்பது என் பரிந்துரை. உடற்கூற்றில் அந்தப் பந்துக்குத் 'தலை' என்று பெயர் என்பதால் 'தலைமாற்று' சரிதான், ஆனால் கையெழுத்து வாங்கும் படிவத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

கழுத்துக்குக் கீழே, தொடை எலும்பின் இரண்டு புடைப்புகளுக்கு இடையே முறிந்தால் பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் கெடாது. அங்கே தகடும் திருகாணியும், அல்லது எலும்பின் குழலுக்குள் இறக்கும் நீள ஆணியும் போதும். ஸ்க்ரூவுக்கு 'மரையாணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். திருகாணி இருக்க அது எதற்கு? அறுவைக்கு முன் அத்தையின் தோட்டைக் கழற்றவே அரை மணி நேரம் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கில் திருகாணி அப்படி இறுகியிருந்தது.

'பந்து' விளையாட்டுச் சொல்லாகப் படுகிறது என்பவர்கள் வேறு சொல் தரட்டும். ஆனால் எது மாறுகிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.