கிருதிச் சங்கிலி ஆட்டம்: இன்னும் மனதில் நிற்கும் ஒரு தாவல் பற்றிச் சொல்லுங்கள்

கடைசி வரிசை:
ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் கர்நாடக இசைக் கிருதி, அதாவது பாட்டு, ஒன்றைச் சொன்னால், ராகமோ சொல்லோ தெய்வமோ எதையாவது பிடித்துக்கொண்டு அடுத்தவர் வேறு பாட்டுக்குத் தாவ வேண்டும். கச்சேரி முடிந்து வேனில் வந்துகொண்டிருந்தோம். முதலில் ‘எந்தரோ மஹானுபாவுலு’. ராகம் ஸ்ரீ, அதனால் ‘ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே’. அது காம்போஜி, அதனால் ‘காணக் கண் கோடி வேண்டும்’. உடனே ஜன்னலோரம் இருந்த பள்ளிக்கூடப் பெண், “கண்தானே? மீனலோசனி பாசமோசனி!” என்று மீன்விழியாளைச் சொல்லும் ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’யின் அந்த வரியைப் பாடியே காட்டினாள். சுருதி அவ்வளவு சுத்தம். எல்லோரும் கைதட்ட, முன் சீட்டுப் பெரியவர் மட்டும் திரும்பிப் பார்த்து, “அந்த வரியை விளையாட்டுக்குப் பாடாதேம்மா” என்றார். 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் சீடர்கள் அதைப் பாடக் கேட்டபடியேதான் அதை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள் அல்லவா, அதற்காக. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆட்டமும் அதோடு சரி. அவர் சொன்னது நியாயமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆரபி:
நியாயமே இல்லை. மேடையில் அதே கிருதியைப் பாடி, தாள வாத்தியத் தனி முடிந்த கையோடு துக்கடா என்ற சின்னப் பாட்டுகளுக்குப் போகிறார்கள். அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவர்கள் ஒரு சின்னப் பெண்ணிடம் மட்டும் ஏன் வருகிறார்கள்?

என் கதை வேறு. யாரோ தியாகராஜரின் ‘சாதிஞ்சனே’ என்றதும் அக்கா ‘த்யாகராஜ யோக வைபவம்’ என்றாள். நடுவராக உட்கார்ந்திருந்த மாமா, “செல்லாது. அது தீட்சிதர் பாட்டு. அதில் வரும் தியாகராஜர் திருவாரூர் சுவாமி” என்றார். அக்கா விடுவாளா? “உங்கள் தியாகராஜர் பிறந்ததும் அதே திருவாரூர்தான். பெயர் வைத்ததும் அந்தச் சுவாமியை நினைத்துத்தான். இரண்டு படி தாண்டியிருக்கிறேன், இரண்டு மார்க் போடுங்கள்.” மாமா மசியவில்லை. அவள் ஒவ்வொரு விரலாக மடக்கியபடி ஆரம்பித்தாள்: த்யாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜயோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம்... கடைசி ‘வம்’ மாமாவின் மூக்குக்கு நேரே! பசுவின் வால் போல வரி குறுகிக்கொண்டே போகும் கோபுச்ச யதியை அதைவிட நன்றாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கஞ்சிராக்காரன்:
ஆரபி, மாமா சொன்னதுதான் சரி. பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டால் ஆட்டத்தில் என்ன சுவாரசியம்?

எங்கள் செட்டில் மேளகர்த்தா எண்ணை, அதாவது 72 தாய் ராகப் பட்டியலின் எண்ணை, பிடித்தும் தாவலாம். ஒருவர் ‘தேவ தேவ கலயாமி தே’ என்றார். மாயாமாளவகௌளை, 15வது மேளம். வயலின் படிக்கும் பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை. “திருப்பிப் போடுங்கள், 51” என்று ‘சிவ சிவ சிவ எனராதா’வுக்குப் போய்விட்டான். காமவர்த்தனி! அதாவது நம் பந்துவராளி. மாயாமாளவகௌளையின் மத்தியமத்தை, அதாவது ‘ம’ ஸ்வரத்தை, சற்று உயர்ந்த பிரதி மத்தியமமாக மாற்றினாலும் அங்கேதான் போய் நிற்போம்; அப்படி மாற்றினால் மேள எண் 36 கூடும். 36ஐக் கூட்டினாலும் 51, இலக்கத்தைத் திருப்பினாலும் 51. அப்புறம் பட்டியலை எடுத்துவைத்துப் பார்த்தேன். வனஸ்பதி 04, நவநீதம் 40. சாருகேசி 26, ரிஷபப்ரியா 62. இவற்றை விட்டால் இரண்டு கணக்கும் ஒத்துவரும் வேறு ஜோடி கிடையாது.

ஆட்டம் உருப்பட வேண்டுமானால் சில விதிகள் தேவை. முதலில் அன்னப்பறவைக்கு, அதாவது பெயரில் ‘ஹம்சம்’ வரும் ராகங்களுக்கு, தடை போடுங்கள். ஹம்சத்வனியில் ‘வாதாபி’, ஹம்ஸநாதத்தில் ‘பண்டுரீதி’, ஹம்ஸாநந்தியில் ‘ஸ்ரீநிவாச திருவேங்கடமுடையாய்’ என்று ஒருவரே அடுக்கிக்கொண்டு போவார், மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ராமனுக்கும் தடை. தியாகராஜர் கிருதிகளில் ராமன் பெயரைப் பிடித்தே விடிய விடியத் தாவலாம். தீட்சிதரின் நவக்கிரகக் கிருதிகளைக் கிழமை வரிசையில் ஒப்பிப்பதும் கூடாது. ‘சூர்யமூர்த்தே’யில் ஏறினால் ‘திவாகர தனுஜம்’ வரை இறங்கவே வேண்டாம். கிழமையை விட்டுத் தாளத்தைப் பிடித்தால் ஒப்புக்கொள்ளலாம், துருவத்திலிருந்து ஏகம் வரை ஏழு தாளமும் அதில் வரிசையாக இருக்கின்றன. தீட்சிதர் சாகித்தியத்துக்குள் ஒளித்துவைத்த ராகப் பெயரை வரியோடு பாடிக் காட்டினால் கூடுதல் மார்க். ‘எங்கேயோ கேட்ட ஞாபகம்’ என்பதற்கு மார்க்கே கிடையாது. ஃபோனை எடுத்தால் ஆட்டத்தை விட்டு வெளியே.

துக்கடா:
ஐயா, இது விளையாட்டா, நுழைவுத் தேர்வா?

உங்கள் அன்னத் தடையைத்தான் என் தங்கையிடமும் காட்டினார்கள். ‘வாதாபி கணபதிம்’ வந்ததும் அவள் ‘ரகுநாயகா’ என்றாள். “ஹம்சத்வனிக்கு ஹம்சத்வனியா? சோம்பேறித்தனம்” என்று ஒரே கூச்சல். அவள் ராகத்தைத் தொடவே இல்லை. “கணபதி என்றால் கணநாயகன். நாயகனைப் பிடித்து ரகுநாயகனிடம் வந்தேன். ராகம் தானாக ஒத்துப்போனால் நான் என்ன செய்ய?” என்றாள். கொஞ்சம் திருட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழி சுத்தமாக இருக்கிறதே. கஞ்சிராக்காரரே, இதை எந்த விதியில் தடுப்பீர்கள், சொல்லுங்கள்?