புதுப்பிப்பு: 40 சதவீதத்துலயே அணைஞ்சுபோற லேப்டாப், சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, பேட்டரி 40 சதவீதம் காட்டும்போதே லேப்டாப் பட்டுன்னு அணைஞ்சுடுதுன்னு, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. சார்ஜர் மாத்திப் பாத்தேன், பிரயோஜனமில்ல. சார்ஜை முழுசா இறக்கி திரும்ப ஏத்துனேன், ரெண்டு நாள் ஒழுங்கா ஓடிட்டு மறுபடி பழைய குருடி கதவைத் திறடிதான். விண்டோஸ்ல கட்டளை அடிக்கிற கமாண்ட் ப்ராம்ப்ட்ல, பேட்டரி நிலவரம் காட்டுற 'powercfg /batteryreport' போடச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் வழி காட்டுச்சு: டிசைன் கெபாசிட்டி (புதுசுல பேட்டரி தாங்க வேண்டிய அளவு) 41,000 மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்ப முழுசா ஏத்துனா தாங்குற அளவு) வெறும் 16,000. காட்பாடில ஒரு கடையில 2,600 ரூபாய்க்கு புது பேட்டரி போட்டாச்சு.

எதிர்பாக்காதது என்னன்னா, அடி மூடியைக் கழட்டினா பழைய பேட்டரி பூரி மாதிரி உப்பி டச்பேடை கீழருந்து முட்டிக்கிட்டு இருந்துச்சு, ஆறு மாசமா இடது கிளிக் அமுங்காததுக்கும் அதான் காரணமாம்! வேலூர் வெயில்ல மொட்டை மாடி ரூம்ல எந்நேரமும் சார்ஜர்லயே போட்டு வெச்சிருந்தேன், என் தப்புதான். டச்பேடு தூக்குன மாதிரி இருந்தா உடனே நிறுத்திட்டு கடைக்கு எடுத்துட்டுப் போங்க, அமுக்கி கிமுக்கி பாக்காதீங்க.