‘சமூகச் சோம்பல்’ வேண்டாமே: சோஷியல் லோஃபிங் என்பதற்குக் கலைச்சொல் வேண்டல்

அன்புடையீர்,

சமூக உளவியல் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறேன். ‘சோஷியல் லோஃபிங்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது. ‘சமூகச் சோம்பல்’ என்று நேராகப் போட்டுவிடலாம்தான். ஆனால் செய்தித்தாளில் ‘சமூகம்’ என்றாலே சாதி என்று படித்துப் பழகியவர்கள் நாம். தேர்வுத்தாளில் ‘சமூகச் சோம்பலை விளக்குக’ என்று கேட்டால், எந்தச் சமூகத்தார் சோம்பேறிகள் என்று பட்டியல் போட ஒரு பையன் கட்டாயம் கிளம்புவான்.

பொருள் இதுதான்: தனியாகச் செய்யும்போது உழைப்பதைவிட, கூட்டமாகச் செய்யும்போது ஆள் குறைவாக உழைப்பது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. ஆள் கூடக் கூட மொத்த இழுப்பு கூடியது, தலைக்கு விழுந்த பங்கோ குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, தனியே இழுத்ததில் ஆளுக்கு ஏறத்தாழ பாதிதான். எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததால் விசை சிதறுகிறது என்பது அவர் நினைப்பு. அது மட்டும்தானா என்று 1974இல் அமெரிக்காவில் ஆலன் இங்கமும் அவரோடு இருந்தவர்களும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் இழுக்கவே இல்லை. அப்படியும் அவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகத்தான் இழுத்தார். சிதறல் என்று பழி போட அங்கே இரண்டாவது விசையே கிடையாது.

‘லோஃபிங்’ என்று பெயர் வைத்தது 1979இல் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற உளவியலாளர் மூவர். அவர்கள் கைதட்டவும் கத்தவும் சொன்னார்கள். ஆறு பேர் சேர்ந்து கத்துவதாக நம்பியவர், தனியே கத்தும்போது எழுப்பிய ஒலியில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் எழுப்பினார். அதே மூவர் 1981இல் செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தில் இருந்தாலும் உங்கள் ஒலி தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னார்கள். குறைவு காணாமல் போனது. சோம்பல் என்பது ஆளின் குணம். அளவுகோலைக் காட்டியதும் மறைகிற ஒன்றைக் குணம் என்று எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு: குழுச் சுணக்கம்.

*

வணக்கம் ஐயா.

சுணக்கம் எங்களுக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் ‘பஸ் சுணங்கிப் போச்சுது’ என்றால் பஸ் பிந்திவிட்டது, அவ்வளவுதான். ‘குழுச் சுணக்கம்’ என்று வாசித்தால் எங்கட பிள்ளைகள், குழு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். இரு கரைக்கும் பொதுவான சொல்லாகப் பாருங்கள்.

*

இழையைத் தொடங்கியவருக்கு,

கயிறு இழுக்கிற சோதனைக்குப் பெயர் தேட அகராதி எதற்கு? தேரோட்டம் இருக்கிறதே. வடத்தில் கை வைத்த அத்தனை பேருமா இழுக்கிறார்கள்? பாதிப் பேர் வடத்தோடு நடக்கிறார்கள். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பாருங்கள், அவர் அசரவே முடியாது. எந்தக் கட்டை தவறினாலும் எவர் கட்டை என்று ஊருக்கே தெரியும். நீங்கள் சொன்ன 1981 சோதனை முழுவதும் அதில் அடக்கம். ‘வடத்தளர்வு’ என்று வையுங்கள். கேட்ட மாத்திரத்தில் மனத்தில் நிற்கும்.

*

அண்ணா, உவமை அழகு. ஆனால் பெயராக வைக்க வேண்டாம். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போக வந்தவர் தளரவில்லை, வந்த வேலையை முடித்துவிட்டார். அவர் பக்தியை உழைப்புக் கணக்கில் எழுதக் கூடாது.

இன்னொன்று, மூலச் சொல்லிலேயே ஏச்சு இருக்கிறது. 1979 கட்டுரை இதைச் சமூக நோய் என்றே பேசுகிறது. அவர்கள் திட்டியதை நாம் ஏன் நீவிவிட வேண்டும்? ‘குழு மெத்தனம்’ என்றால் அந்தச் சூடும் வந்துவிடும்.

*

அன்புடையீர்,

யாழ்ப்பாண அன்பர் சொன்னபின் சுணக்கத்தைக் கைவிடுகிறேன்.

மெத்தனம் பற்றி, அம்மா: 1979இல் திட்டினார்கள், உண்மைதான். ஆனால் அந்த மூவரில் ஒருவரான வில்லியம்ஸ் 1993இல் காரா என்ற இன்னோர் உளவியலாளரோடு சேர்ந்து எழுபத்தெட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது படம் மாறிவிட்டது. வேலை தனக்கு முக்கியமானதாகவோ, உடன் இருப்பவர்கள் வேண்டியவர்களாகவோ இருந்தால் குறைவு சுருங்குகிறது. அதற்கு முன்பே, 1991இல், அந்த இருவரும் நேர் எதிரானதையும் காட்டியிருந்தார்கள். கூட இருப்பவரால் முடியாது என்று நினைக்கிறவர், வேலையும் முக்கியம் என்றால், தனியாகச் செய்வதைவிடக் கூடுதலாகவே உழைக்கிறார். வீட்டு விசேஷத்தில் ஒரே சித்தி பத்துப் பேர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது இந்தக் கணக்கில்தான் வரும். ‘மெத்தனம்’ ஆளைத் திட்டிவிட்டு நின்றுவிடும். மறுபடி முறுக்கேறுவதைச் சொல்ல அதில் இடமில்லை.

ஆகவே வடத்தை விட்டுவிட்டுத் தளர்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தளர்ந்த கயிறு மறுபடி விறைக்கும், தளர்ந்த கையும் அப்படியே. ‘ஊரடங்குத் தளர்வு’ நினைவுக்கு வரும் என்பீர்கள். இன்னும் சில ஆண்டில் அது மங்கிவிடும். ‘குழுத் தளர்வு’ என்றால் குழுவே பிரிந்துபோவதாகப் படும். அதனால் நீளமானாலும் ‘கூட்டுழைப்புத் தளர்வு’ என்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘தன் பங்கு தனியே தெரியாதபோது பலர் கூட்டுழைப்பில் தளர்கிறார்கள்.’ இடறவில்லை.

1991இல் கண்டதற்கு ‘ஈடுகட்டுழைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்க்குள் நுழையவில்லை. அதற்குத்தான் இப்போது உங்கள் உதவி தேவை.

*

ஐயா, அதற்கு ‘இட்டுநிரப்பல்’ போதாதா?