கடையில் ஒன்பது பேர், தீபாவளிக்கு இன்னும் இரண்டு பேர்: இ.எஸ்.ஐ. வந்துவிடுமா?

சேலைக்கடைக்காரன் (காரைக்குடி)

வணக்கம். அப்பா நடத்திய ஜவுளிக்கடையை நான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். சேலைப் பிரிவில் ஐந்து பெண்கள், ரெடிமேடில் இரண்டு பையன்கள், பில் போட ஒருவர், குடோனுக்கு ஒரு பெரியவர். ஆக ஒன்பது பேர். ஆளுக்குச் சராசரி 13,000 சம்பளம்.

ஆடி முடிந்ததும் தீபாவளி வரைக்கும் இரண்டு பேரை எடுக்க வேண்டும். பத்துப் பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் சேர வேண்டுமாம். ஆடிட்டர், "பத்தைத் தொடாதீங்க தம்பி. அந்த ரெண்டு பேருக்கும் கையில் காசைக் கொடுத்துடுங்க, ரெஜிஸ்டரில் ஏற்றாதீங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் செலவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. முன்பு பில் போட்ட பெண் முதல் மாதச் சம்பளம் வாங்கிய மறுநாளே சொல்லாமல் நின்றுவிட்டார். ஆகவே புது ஆட்களிடம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் அசலை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எங்கள் தெருவில் பாதிக் கடைகளில் அதுதான் வழக்கம்.

கல்லாப்பெட்டி

சிம்பிள். ரெடிமேடைப் பிரித்து மனைவி பெயரில் இன்னொரு ஜி.எஸ்.டி. எடுத்துவிடுங்கள். அங்கே நாலு பேர், இங்கே ஏழு பேர். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஈரோடு ஹார்ட்வேர்

கேட்டார்கள், ஐயா. அந்த வித்தையை நானும் செய்தவன். பெயின்ட் பிரிவைத் தம்பி பெயருக்கு மாற்றினேன். வாசல் ஒன்று, கல்லா ஒன்று, கரண்ட் பில் ஒன்று. ஆய்வுக்கு வந்தவர் என்னிடம் பேசவே இல்லை. டீ வாங்கி வந்த பையனிடம், "உனக்கு யாருப்பா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டார். அவன் என்னைக் கை காட்டினான். முடிந்தது கதை. இரண்டையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்து, பழைய பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். அதற்கு வருடம் 12 சதவீத வட்டி வேறு.

ஆனால் என்னைத் திருத்தியது அந்த ஆய்வு இல்லை, அதற்கு முந்தைய தீபாவளி. ரெஜிஸ்டரில் ஏற்றாமல் வைத்திருந்த ஒரு பையன் பரண் மேலிருந்து பைப் கட்டோடு விழுந்தான். தொடை எலும்பு முறிவு. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன், மூன்று மாதம் வேலையில்லை, வீட்டில் அவன் ஒருவன்தான் சம்பாத்தியம். அவங்க அம்மா கடை வாசலில் உட்கார்ந்து அழுததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எல்லாச் செலவும் என் கையிலிருந்துதான். இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு, நடக்க முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். பதினொரு பேர், 13,000 சம்பளம். முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 4,650 ரூபாய்க்குள். உங்கள் கடையில் அது இரண்டு நல்ல பட்டுச்சேலையின் லாபம்கூட இருக்காது. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது ஆளுக்கு 97 ரூபாய் 50 காசு.

சேலைக்கடைக்காரன்

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு குடோன் ஏணியைப் போய்ப் பார்த்து வந்தேன். ஒரு படியே இல்லை. நாளைக்கே மாற்றுகிறேன்.

ஒரு சந்தேகம். தீபாவளி முடிந்து அந்த இருவரும் போய்விட்டால் மறுபடி ஒன்பதுதானே? அப்போது வெளியே வந்துவிடலாமா?

லேபர் ரெஜிஸ்டர்

முடியாது. கடைகளுக்கு இ.எஸ்.ஐ. பத்துப் பேரில் தொடங்குகிறது, தற்காலிக ஆளும் கணக்கில் வருவார். ஒரு தடவை உள்ளே வந்தால், எண்ணிக்கை குறைந்தாலும் தொடரும். பத்தைத் தொட்ட 15 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் சந்தா. பி.எஃப். இருபது பேரிலிருந்துதான், இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உங்கள் ஆடிட்டர் சொல்லாமல் விட்டது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய பணிக்கொடை. அதற்கும் பத்துதான் கணக்கு. முந்தைய 12 மாதத்தில் ஒரே ஒரு நாள் பத்துப் பேர் இருந்தாலே போதும். குடோன் பெரியவர் எத்தனை வருடமாக இருக்கிறார்? எட்டு என்று வைத்துக்கொள்வோம். 13,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குங்கள்: 7,500. எட்டு வருடத்துக்கு 60,000. அவர் போகிற அன்று மொத்தமாகத் தேட வேண்டாம், இன்றிலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

பத்துப் பேர் ஆனதும் பாலியல் தொல்லை புகார்களுக்கான உள்குழுவும் அமைக்க வேண்டும், 2013 சட்டம். உங்கள் கடையில் பாதிக்கு மேல் பெண்கள், ஆகவே இதைப் பேப்பரில் மட்டும் வைக்காதீர்கள். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்தும் ஒருவர் வேண்டும்.

மார்க் ஷீட் விஷயம்: வேண்டவே வேண்டாம். அசலைப் பிடித்து வைக்க நமக்கு உரிமை கிடையாது. நகல் வாங்குங்கள், அசலைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். சொல்லாமல் போகிறார்கள் என்றால், நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் எப்படியும் கட்டாயம். வேலையை விட்டுப் போகிறவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

நீங்களும் ஆளை நினைத்த நாளில் அனுப்ப முடியாது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 1947 கடைகள் சட்டம் சொல்கிறது. அப்புறம், சேலைப் பிரிவில் நாற்காலி போட்டிருக்கிறீர்களா? 2021 முதல் தமிழ்நாட்டில் அதுவும் சட்டம்.

சேலைக்கடைக்காரன்

ஸ்டூல் இரண்டு இருக்கிறது, ஐந்து பேருக்கு. அப்பா காலத்தில் அதுவும் கிடையாது.

பெரியவரிடம் கேட்டேன், பதினொரு வருடமாம். 82,500. ஆடிட்டரிடம் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை, அப்புறம் "சரி, ஆதார் நகல் எல்லாம் வாங்கி வையுங்க" என்றார். பதினொரு பேருக்கும் பதிவு போடுகிறோம். நியமனக் கடிதத்துக்குத் தமிழில் மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். பெரியவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.